பாலிசி மாமாகிட்ட எடுத்தது போதும், வக்கீலையும் அப்படி எடுக்காதீங்க: சின்ன ஊர்ல குழந்தை கஸ்டடி வழக்கு



எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், ஹோம் லோன்னு பேசுற இடத்துல கோர்ட், வக்கீல் எதுக்குன்னு நினைக்கலாம். காரணம் இருக்கு. மாசச் சம்பளக்காரர் ஒருத்தரோட சேமிப்பை ரெண்டே வருஷத்துல கரைக்கிற விஷயங்கள்ல குடும்ப வழக்கும் ஒண்ணு. ஆஸ்பத்திரிச் செலவுக்காவது இன்சூரன்ஸ் இருக்கு, இதுக்கு எதுவுமே கிடையாது. அதுவும் குழந்தை யார்கிட்ட இருக்கணும்ங்கிற வழக்குன்னா, போறது பணம் மட்டும் இல்ல. குழந்தையோட ரெண்டு வயசு, மூணு வயசு திரும்பி வராது.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். சின்ன ஊர்ல கஸ்டடி வழக்குக்கு வக்கீல் தேடும்போது, "நம்ம ஆளு"ன்னு யாரையும் எடுக்காதீங்க. சொந்தக்காரர், அப்பாவோட நண்பர், உங்க சமுதாயத்துல பெரிய மனுஷர், இவங்க எல்லாரும் நல்ல வக்கீலாவே இருக்கலாம். ஆனா இந்த ஒரு வழக்குக்கு அவங்க வேண்டாம். ஏன்னு பார்ப்போம்.

வழக்கு உங்க ஆபீஸ் பக்கத்துல நடக்காது

நம்மள்ல பலபேர் முதல்ல தடுமாறுறது இங்கதான். உதாரணத்துக்கு, நீங்க சென்னை ஓஎம்ஆர்ல வேலை பார்க்கறீங்க. பிரச்சினை வந்து உங்க துணை குழந்தையோட அவங்க சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்குப் போயாச்சு. குழந்தை அங்கேயே ஸ்கூல்ல சேர்ந்தாச்சு. இப்ப வழக்கு எங்க?

1890-ம் வருஷத்துப் பாதுகாவலர் மற்றும் சிறார் சட்டம், பிரிவு 9 என்ன சொல்லுதுன்னா, குழந்தை வழக்கமா எங்க வசிக்குதோ அந்த எல்லைக்கு உட்பட்ட கோர்ட்லதான் மனு போடணும். நீங்க எங்க வேலை பார்க்கறீங்க, கல்யாணம் எந்த மண்டபத்துல நடந்தது, இதெல்லாம் இங்க கணக்குல வராது. விவாகரத்து வழக்கு வேற ஊர்ல ஏற்கெனவே நடந்தா அங்கேயே கஸ்டடியும் கேட்க வழி உண்டு. அது இல்லாம கஸ்டடி மட்டும் கேட்டா, குழந்தை இருக்கிற ஊர்தான். குடும்ப நல நீதிமன்றம் இருக்கிற இடத்துல அங்க, இல்லாத இடத்துல மாவட்ட நீதிமன்றம்.

அதனால சென்னையிலயோ பெங்களூர்லயோ உட்கார்ந்துக்கிட்டு, நமக்குப் பழக்கமில்லாத ஒரு கோர்ட்டுக்கு வக்கீல் தேட வேண்டியிருக்கு. அப்ப போன் யாருக்குப் போகும்? "ஊர்ல நம்ம மாமா ஒருத்தர் வக்கீலா இருக்காரே!" இதே மாதிரிதானே வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் ஏஜென்ட் மாமா நமக்கு ஒரு எண்டோமென்ட் பாலிசியைக் கட்டிவிட்டாரு? கேள்வி கேட்க முடியல, ரத்து பண்ண முடியல, இன்னும் பிரீமியம் கட்டிட்டிருக்கோம்.

சொந்தக்கார வக்கீல் ஏன் வேண்டாம்?

முதல் காரணம், பீஸ் பேச முடியாது. "உங்கிட்ட போய் காசு வாங்குவேனா"ன்னு ஆரம்பிக்கும். அப்புறம் "செலவுக்குக் கொஞ்சம் அனுப்பு"ன்னு மாசாமாசம் ஜிபே போகும். எதுக்கு எவ்வளவுன்னு கேட்டா மரியாதைக்குறைவு. பணமே வாங்கலைன்னா இன்னும் மோசம், உங்க கட்டு அவரோட மேஜையில கடைசியிலதான் இருக்கும்.

ரெண்டாவது, விஷயம் வெளியே போகும். வக்கீல் தன் கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. ஆனா கல்யாண வீட்டுப் பந்தியில பக்கத்து இலையில உட்கார்ந்து "பையன் கேஸ் என்னாச்சு"ன்னு உங்க சித்தப்பா கேட்கும்போது எல்லாருக்கும் அந்தச் சட்டம் ஞாபகம் வருமா? கஸ்டடி வழக்குல உங்க சம்பளம், கடன், குடி, மாத்திரை, மனநல சிகிச்சைன்னு எல்லாத்தையும் வக்கீல்கிட்ட சொல்லித்தான் ஆகணும். மாமாகிட்ட அதையெல்லாம் சொல்ல மாட்டீங்க. நீங்க மறைச்ச விஷயத்தை எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டுல வச்சுக் கேட்பாரு.

மூணாவதுதான் முக்கியம். உங்க குடும்பத்துல ஒருத்தர் உங்களுக்குக் கசப்பான உண்மையைச் சொல்ல மாட்டார். "தம்பி, குழந்தைக்கு மூணு வயசுதான் ஆகுது. முழு கஸ்டடி கேட்டு ரெண்டு வருஷம் அலையறதுக்குப் பதிலா, வாரக் கடைசியும் லீவு நாளும் குழந்தை உன்கூட இருக்கிற மாதிரி இப்பவே ஒரு ஆர்டர் வாங்கு"ன்னு சொல்ற தைரியம் வெளி ஆளுக்குத்தான் வரும். சொந்தக்காரருக்கு இது குடும்ப மானப் பிரச்சினை. "விட்டுடுவோமா?"ம்பார். விடாம நடத்துறதுக்குச் செலவு பண்ணப்போறது உங்க சம்பளம், காத்திருக்கப்போறது உங்க குழந்தை.

சட்டம் குழந்தையைத்தான் பார்க்குது

யார்கிட்டப் போனாலும் இந்த அடிப்படை தெரிஞ்சிருந்தா ஏமாற மாட்டீங்க. குழந்தையோட நலன்தான் முதல்ல, அப்பா அம்மாவோட உரிமை அதுக்கப்புறம்தான். 1956-ம் வருஷத்து இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டம், பிரிவு 13 இதை நேரடியாவே சொல்லுது. அதே சட்டத்தோட பிரிவு 6, அஞ்சு வயசு முடியாத குழந்தை சாதாரணமா அம்மாகிட்டதான் இருக்கணும்னு சொல்லுது. "சாதாரணமா"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. அது மாத்தவே முடியாத விதி இல்ல, ஆனா மாத்தறதுக்கு வலுவான காரணம் வேணும். 1890-ம் வருஷத்துச் சட்டமோ எல்லா மதத்துக்காரங்களுக்கும் பொருந்தும்.

இன்னொண்ணு, கஸ்டடி யார்கிட்டப் போனாலும் இன்னொருத்தர் குழந்தையைப் பார்க்கிறதும் பேசுறதும் குழந்தையோட நலன்ல சேர்த்திதான். 2020-ல யஷிதா சாஹு வழக்குல உச்ச நீதிமன்றம், நேர்ல பார்க்க முடியாத பெற்றோருக்கு வீடியோ கால்ல குழந்தையோட பேசும் உரிமை பத்தித் தெளிவாவே சொல்லியிருக்கு. வெளியூர்ல வேலை பார்க்கிற நமக்கு இது ரொம்ப முக்கியம்.

"நூறு சதவீதம் குழந்தையை வாங்கித் தர்றேன்"னு ஒரு வக்கீல் சொன்னா, வருஷத்துக்கு 24 சதவீதம் கியாரண்டின்னு சொல்ற சிட்பண்ட்காரர் ஞாபகத்துக்கு வரணும். "ஜெயிச்சா இவ்வளவு கொடுங்க"ன்னு பேரம் பேசினா அதையும் தள்ளி வைங்க. முடிவைப் பொறுத்துக் கூலி பேசறதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்யுது.

அப்ப யாரைத் தேடறது? ஒரு பஸ் தூரத்து ஆள்

என் கருத்து, வழக்கு நடக்கிற கோர்ட்ல வாரத்துக்கு நாலு நாள் நிக்கிற ஆளா இருக்கணும், ஆனா உங்க ரெண்டு குடும்பமும் புழங்குற வட்டத்துல இருக்கக்கூடாது. பக்கத்து டவுன்ல இருந்து பஸ்ஸுல வந்து போற வக்கீல்கள் எல்லாக் கோர்ட்லயும் உண்டு. அவங்களுக்கு அந்தக் கோர்ட்டோட நடைமுறை தெரியும், உங்க பெரியப்பாவைத் தெரியாது.

சென்னையில இருந்து பெரிய வக்கீலைக் கூட்டிட்டுப் போகலாமான்னு கேட்டா, பெரும்பாலும் வேண்டாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரோட பயணச் செலவும் உங்க தலையில. தினசரி ஆஜராக எப்படியும் உள்ளூர்ல ஒருத்தரை வைப்பாங்க. ரெண்டு பீஸ், ஆனா வாதாடுறது என்னவோ அந்த உள்ளூர்க்காரர்தான்.

தேடறதுக்கு நாலு வழி சொல்றேன்.

ஒண்ணு, இ-கோர்ட்ஸ் தளம் இல்லன்னா ஆப். மாவட்டத்தையும் கோர்ட் வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, வக்கீல் பேரைப் போட்டு அவர் நடத்துற வழக்குகளைப் பார்க்கலாம். பட்டியல்ல ஜி.டபிள்யூ.ஓ.பி.ன்னு இருக்கிறது பாதுகாவலர் மனு, எச்.எம்.ஓ.பி.ன்னு இருக்கிறது இந்து திருமண வழக்கு. செக் மோசடி, நில வழக்கு மட்டுமே நடத்துறவரா, குடும்ப வழக்கு நடத்துறவரான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். எல்லா வழக்கும் அதுல தெரியும்னு சொல்ல முடியாது, ஆனா ஒரு அந்தாஜ் கிடைக்கும்.

ரெண்டு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. கோர்ட் வளாகத்துலயே ஆபீஸ் இருக்கும், இலவச எண் 15100. தோழிகளே, இதைக் கவனமா படிங்க. 1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12 படி, இலவச சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மாசம் லட்ச ரூபா சம்பளம் வாங்கினாலும் நீங்க கேட்கலாம். இலவசம்னா மட்டமா இருக்கும்னு தள்ளாதீங்க, முதல்ல போய்ப் பேசிப் பாருங்க.

மூணு, வேற துறை வக்கீல். உங்க ஹோம் லோனுக்கு லீகல் ஒப்பீனியன் கொடுத்தவர்கிட்ட, "அந்தக் கோர்ட்ல உங்க தங்கச்சிக்கு இப்படி ஒரு வழக்கு வந்தா யார்கிட்ட அனுப்புவீங்க?"ன்னு கேளுங்க. அவர் சொல்ற பேருக்கு மதிப்பு உண்டு.

நாலு, நேர்ல ஒரு நாள். கோர்ட்டுக்குப் போய்ப் பின் பெஞ்ச்ல உட்காருங்க. சில குடும்ப வழக்குகளை மூடிய அறையில நடத்துவாங்க, மத்ததைப் பார்க்கலாம். யார் கட்டைப் படிச்சுட்டு வந்து பேசறாங்க, யார் "வாய்தா வேணும்"னு மட்டும் சொல்லிட்டுப் போறாங்கன்னு கண்ணாலயே தெரியும்.

இன்டர்நெட்ல "நம்பர் ஒன் விவாகரத்து வக்கீல்"னு விளம்பரம் வந்தா நகர்ந்துடுங்க. வக்கீல்கள் விளம்பரம் பண்றதுக்கே பார் கவுன்சில் விதி 36 தடை போடுது. விதியை மீறி ஆள் பிடிக்கிறவரை நம்பி குழந்தை வழக்கைக் கொடுக்கறதா?

முதல் போன்ல கதை சொல்லாதீங்க

சின்ன ஊருக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. குடும்ப வழக்கு நல்லா நடத்துறவங்க அங்க விரல் விட்டு எண்ணுற அளவுதான். நீங்க போறதுக்கு முன்னாடி உங்க துணை அவரைப் பார்த்துப் பேசியிருக்கலாம். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வக்கீல் அதே விஷயத்துல எதிர்த்தரப்புக்கு ஆஜராகக்கூடாதுன்னு பார் கவுன்சில் விதி 33 சொல்லுது. அதனால முதல் போன்ல ரெண்டு பேரோட பேரையும் ஊரையும் மட்டும் சொல்லிட்டு, "இந்தப் பக்கத்துல யாராவது உங்ககிட்டப் பேசியிருக்காங்களா, உங்களுக்கு அவங்க குடும்பத்தோட பழக்கம் உண்டா?"ன்னு கேளுங்க. இல்லைன்னு பதில் வந்த பிறகு கதையைச் சொல்லுங்க.

அதே நேரம், எதிர்த்தரப்பு வக்கீலும் உங்க வக்கீலும் ஒண்ணா டீ குடிக்கிறதைப் பார்த்து "விலை போயிட்டார்"னு பதறாதீங்க. இருக்கிறதே ஒரு பார் அசோசியேஷன், தினம் முகம் பார்க்கிறவங்க. சமாதானம் பேச வேண்டிய வழக்குல அந்தப் பழக்கம் உங்களுக்கு நல்லது. ஒரு மேஜையில உட்கார்ந்து ஞாயித்துக்கிழமை குழந்தையை எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடணும்னு பேசி முடிக்க அவங்களால முடியும்.

பீஸ் குறைவுங்கிறது செலவு குறைவு இல்ல

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். கீழே இருக்கிறது கணக்கு புரியறதுக்கான உதாரணம், உங்க எண்ணைப் போட்டுப் பாருங்க.

சம்பளம் மாசம் 60,000 ரூபா, அதாவது ஒரு நாளைக்கு 2,000. ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏறிக் காலையில இறங்கி, கோர்ட் முடிஞ்சு திரும்பி வர, பயணம், சாப்பாடு, ரூம் எல்லாம் சேர்த்து 3,000. லீவு தீர்ந்து ரெண்டு நாள் சம்பளப் பிடித்தம்னா 4,000. ஒரு வாய்தாவுக்கு 7,000 ரூபா.

முதல் வக்கீல் பீஸ் 60,000. நீங்க 24 தடவை போய் வர வேண்டியிருக்கு. பயணமும் லீவும் 1,68,000. மொத்தம் 2,28,000.

ரெண்டாவது வக்கீல் பீஸ் 90,000. ஆனா எந்தெந்த வாய்தாவுக்கு நீங்க வரணும், எதுக்கு அவர் மட்டும் போதும்னு முன்னாடியே சொல்றார், வீடியோ கான்பரன்ஸ்ல ஆஜராக மனு போட்டுப் பார்க்கிறார். 16 தடவைதான் போறீங்க. பயணமும் லீவும் 1,12,000. மொத்தம் 2,02,000.

பீஸ் 30,000 கூட, செலவு 26,000 கம்மி. மியூச்சுவல் பண்ட்ல எக்ஸ்பென்ஸ் ரேஷியோ மட்டும் பார்த்தாப் போதாதுன்னு சொல்வோமே, அதே கணக்குதான் இங்கயும்.

வக்காலத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி

ரெண்டு வக்கீல்கிட்டயாவது காசு கொடுத்து ஒரு மணி நேரம் பேசுங்க. ஆலோசனைக்குக் கொடுக்கிற பணம் வீண் இல்ல. அப்ப இந்தக் கேள்விகளைக் கேளுங்க:

- மெயின் மனுவோட சேர்த்து, நான் குழந்தையைப் பார்க்க இடைக்கால மனுவும் போடுவீங்களா? (கேள்விகள்லயே முக்கியமானது இது. வழக்கு முடியற வரைக்கும் குழந்தையைப் பார்க்காம இருந்தா, குழந்தை உங்களை மறக்கும். பழகின சூழ்நிலையை மாத்தக் கோர்ட்டும் யோசிக்கும்.)
- கோர்ட்ல நிக்கப்போறது நீங்களா, உங்க ஜூனியரா?
- பீஸை எப்படிப் பிரிக்கிறீங்க? மனு, இடைக்கால மனு, சாட்சி விசாரணை, வாதம்னு கட்டம் கட்டமா கொடுக்கலாமா?
- குமாஸ்தா செலவு, டைப்பிங், நகல் செலவு பீஸ்ல சேர்த்தியா, தனியா?
- மீடியேஷன்ல முடிஞ்சா மீதி பீஸ் என்ன ஆகும்?

பதிலை வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்குங்க. பணத்தை வங்கி வழியா மட்டும் அனுப்புங்க. வெத்துப் பேப்பர்ல கையெழுத்து மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீங்க.

"குழந்தையை முதல்ல தூக்கிட்டு வந்துடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்"னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. நடக்காத ஒண்ணை எழுதிப் போலீஸ்ல கொடுக்கச் சொன்னாலும் அப்படித்தான். ஆனா வீட்டுல உண்மையிலேயே அடி உதை இருந்தா அது வேற விஷயம். 181-க்குக் கூப்பிடுங்க. 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பிரிவு 21-ல குழந்தையோட தற்காலிக கஸ்டடியும் கேட்கலாம்.

வக்கீல் சரியில்லைன்னு தெரிஞ்சா மாத்தலாம். பீஸ் பாக்கி இருக்குன்னு சொல்லிக் கேஸ் கட்டைப் பிடிச்சு வச்சுக்க வக்கீலுக்கு உரிமை இல்லைன்னு 2000-ல ஆர்.டி. சக்சேனா வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. பாக்கியைக் கேட்க அவருக்கு வேற வழி இருக்கு. ஆனா அந்த வக்கீல் மாமாவா இருந்தா கட்டைக் கேட்க உங்களுக்கு வாய் வருமா? அதுக்குத்தான் ஆரம்பத்துலயே சொன்னேன்.

பர்ஸ் விஷயத்துல மூணு வேலை

முதல்ல, குழந்தைக்கு அனுப்புற பணத்தை நிறுத்தாதீங்க. சண்டை உங்க ரெண்டு பேருக்கும்தான். ஸ்கூல் பீஸ், மருந்து, மாசச் செலவு எல்லாம் வங்கி வழியா போகட்டும். அது குழந்தைக்குச் சேர வேண்டியது, பின்னாடி உங்களுக்கு ஆதாரமாவும் நிக்கும்.

ரெண்டாவது, சம்பளத்தை மறைக்கவோ வேலையை விடவோ யோசனை சொன்னா கேட்காதீங்க. 2020-ல ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்கு அப்புறம், ஜீவனாம்ச வழக்குல ரெண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரத்துல சொல்லணும். பொய் சொல்லி மாட்டினா கஸ்டடி வழக்குலயும் உங்க பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

மூணாவது, பர்சனல் லோன் போட்டு வக்கீல் வைக்காதீங்க. அவசரகால நிதியில இருந்து முதல் கட்டத்துக்கு எடுத்து வைங்க, மீதியைக் கட்டம் கட்டமா கொடுங்க. ஊர்ப் பெரியவங்க முன்னாடி பத்திரத்துல எழுதிக்கிட்டாப் போதும், செலவே இல்லைன்னு சொல்வாங்க. பேசி முடிக்கிறது ரொம்ப நல்லது. ஆனா பேசினதைக் கோர்ட் ஆர்டரா மாத்திக்கோங்க. இல்லைன்னா அடுத்த தீபாவளிக்குக் குழந்தையை அனுப்பலைன்னா அந்தப் பத்திரத்தை வச்சு நீங்க பெருசா ஒண்ணும் பண்ண முடியாது.

இவ்வளவும் படிச்சுட்டு, "மாமா கோவிச்சுக்குவாரே"ன்னு தோணுதா? கோவிச்சுக்கட்டும். "மாமா, நீங்க எனக்கு மாமாவாவே இருங்க, கேஸை வேற ஒருத்தர் பார்க்கட்டும்"னு சொல்லிடுங்க. அவர் கோபம் ஒரு பொங்கலுக்குள்ள தீர்ந்துடும். குழந்தையைப் பார்க்காம போற மாசங்களை எந்தப் பொங்கலும் திருப்பித் தராது.

இது பொதுவான தகவலும் என் கருத்தும்தான், உங்க வழக்குக்கான சட்ட ஆலோசனை இல்ல. அதுக்கு ஒரு வக்கீலைப் பாருங்க, சொந்தக்காரரா இல்லாத ஒரு வக்கீலை. பீஸ் கணக்கை எப்படிப் போடறதுன்னு நம்ம சேனல்ல ஒரு வீடியோவுல விரிவா பேசுவோம். தேவைப்படுற நண்பருக்கு இதை அனுப்பி வைங்க, ஆனா பேமிலி குரூப்ல போடாதீங்க. மாமாவும் அதுல இருப்பார்!